பொறுத்திருப்பதும் சும்மா இருப்பதும்



"விக்கட்டுமா, வச்சிருக்கட்டுமா?" 2025 ஏப்ரல் மாதம் எங்கள் ஞாயிறு வகுப்பில் சமய பாடம் முடிந்த கையோடு வந்த கேள்வி இது. அமெரிக்கா இறக்குமதி வரிகளை உயர்த்திய நேரம். ஏப்ரல் 7ஆம் தேதி ஒரே நாளில் நம் நாட்டுப் பங்குச் சந்தைக் குறியீடு ஏறக்குறைய 4 விழுக்காடு சரிந்தது. மூன்று நாள் கழித்து, 10ஆம் தேதி, அதே குறியீடு 4 விழுக்காட்டுக்கும் மேல் ஏறியது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் அந்த வாரம் முழுக்க கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்கள்.

நான் பங்குத் தரகர் கிடையாது. கணக்கு எழுதிப் பிழைப்பவன். எதை வாங்கு, எதை விற்றுவிடு என்று சொல்லும் உரிமம் எனக்கு இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் பட்டது. வெளியே பணக் கேள்வி, உள்ளே குணத்தைப் பற்றிய கேள்வி. விலை சரியும்போது விற்காமல் இருப்பது பொறுமையா, பிடிவாதமா? வெளியிலிருந்து பார்த்தால் பொறுமைசாலியும் பிடிவாதக்காரரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். எது எது என்று எப்படிப் பிரிப்பது?

முதலில் பொறுமையின் பக்கம் நின்று பேசுகிறேன்.

1997 பிப்ரவரியில் கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு 1,271 புள்ளிகளைத் தொட்டது. அந்த ஆண்டு ஜூலையில் தாய்லாந்தின் நாணயம் விழுந்தது, பின்னாலேயே நம் ரிங்கிட்டும் விழுந்தது. 1998 செப்டம்பர் 1ஆம் தேதி குறியீடு 262 புள்ளிகளுக்கு வந்து நின்றது. அன்றுதான் அரசாங்கம் நாணயக் கட்டுப்பாடுகளை அறிவித்தது. மறுநாள் ஒரு டாலருக்கு 3 வெள்ளி 80 சென் என்று விலை கட்டப்பட்டது. பதினெட்டு மாதத்தில் நூறு வெள்ளி இருபத்தொரு வெள்ளி ஆகிவிட்டது என்றால் வீட்டில் யாருக்குத் தூக்கம் வரும்? பயந்துபோய்க் கிடைத்த விலைக்கு விற்றவர்கள் உண்டு. அவர்களைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் 1999 டிசம்பர் கடைசியில் அதே குறியீடு 812 புள்ளிகளில் இருந்தது. அடிமட்டத்தில் விற்றவருக்கு நட்டம் அன்றே முடிந்த கணக்காகிவிட்டது. விற்காதவருக்கு, விழுந்ததில் பாதிக்கு மேல் பதினாறு மாதத்தில் திரும்பி வந்தது. முழுவதும் திரும்பி வர 2007 வரை, பத்து ஆண்டு, காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பொறுமை நமக்குப் புதிது இல்லை. நம் அம்மாக்களின் கழுத்துச் சங்கிலியை நினைத்துப் பாருங்கள். தங்கத்தின் விலையும் தினமும் ஏறி இறங்குகிறது. அதற்காக எந்த அம்மாவும் காலையில் எழுந்து, "இன்னிக்கு தங்கம் எறங்கிப்போச்சு, சங்கிலிய வித்துடலாம்" என்று சொல்வதில்லை. மகள் கல்யாணத்துக்கு என்று வாங்கினார், மகள் கல்யாணம் வரை அது கழுத்தில் கிடக்கும். சங்கிலியில் நொடிக்கு நொடி விலை காட்டும் பலகை இல்லாததும் ஒரு காரணம். அதே அம்மாவின் மகன் கைபேசியில் ஒரு நாளைக்கு இருபது தடவை விலை பார்க்கிறான். இருபது தடவையும் அவன் மனம் ஏறி இறங்குகிறது. பார்க்கிற பழக்கமே பாதி பயத்தைக் கொண்டு வருகிறது.

ஆகவே, "நீண்ட காலம் வைத்திரு, பதறாதே" என்ற அறிவுரையில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த அறிவுரையை நம் ஆட்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் எனக்குக் கவலை.

"வச்சிருந்தா ஒரு நாள் ஏறியே தீரும்" என்பார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. 2008 ஜனவரியில் நம் சந்தைக் குறியீடு 1,516 புள்ளிகள். 2025 ஏப்ரல் 9ஆம் தேதி அது 1,400 புள்ளிகளில் இருந்தது. பதினேழு ஆண்டு ஓடிப்போயிருக்கிறது. இடையில் இலாப ஈவு வந்தது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்தான். ஆனாலும் "காலம் போனால் விலை ஏறும்" என்று கண்ணை மூடிச் சொல்பவருக்கு இந்த இரண்டு எண்களும் பதில் சொல்லும்.

குறியீட்டைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். குறியீடு என்பது பல நிறுவனங்களின் பட்டியல். நொடிந்துபோன நிறுவனத்தை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்ப்பார்கள். அதனால் குறியீடு மீண்டுவிட்டது என்றால் நம் கையில் இருக்கும் பங்கும் மீண்டுவிட்டது என்று அர்த்தமாகாது. நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த இண்டெல் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1972ல் பினாங்கில் தொழிற்சாலை திறந்தது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பெரிய நிறுவனம், நல்ல நிறுவனம். ஆனால் 2000ஆம் ஆண்டு அதன் பங்கு தொட்ட உச்ச விலையை 2024 முடியும் வரை அது மறுபடியும் எட்டவில்லை. நல்ல நிறுவனமாக இருப்பது வேறு, நாம் கொடுத்த விலை நியாயமாக இருப்பது வேறு.

நம் சமுதாயத்தின் வரலாற்றிலேயே இரண்டு பாடங்கள் இருக்கின்றன. இளைஞர்கள் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதல் பாடம் 1960ல் தொடங்கியது. ரப்பர் தோட்டங்களை வெள்ளைக்காரக் கம்பெனிகள் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலம். தோட்டத் துண்டாடலில் வேலையும் போய், குடியிருந்த லயத்து வீடும் போய், நம் மக்கள் தெருவில் நின்றார்கள். துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், "பத்துப் பத்து வெள்ளியாகப் போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம்" என்று பேசினார். அப்படிப் பிறந்ததுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். பக்கத்து மாநிலமான கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள். செயற்கை ரப்பரின் போட்டியால் ரப்பர் விலை இறங்கிய காலத்திலும் நிலம் கைவிட்டுப் போகவில்லை. பின்னாளில் செம்பனை நட்டார்கள். அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் சங்கம் இருக்கிறது. அதில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பால்மரம் சீவியவர்களின் பத்து வெள்ளி ஒரு தலைமுறையைத் தாண்டி நின்றது என்பதைச் சொல்கிறேன்.

இரண்டாவது பாடம் மைக்கா ஹோல்டிங்ஸ். 1982ல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தொடங்கிய முதலீட்டு நிறுவனம். ஏறக்குறைய 66,000 பேர் சேர்ந்து 106 மில்லியன் வெள்ளி போட்டார்கள். நகையை அடகு வைத்து வாங்கியவர்களும் அதில் உண்டு. நாட்டில் நமக்கும் ஒரு பங்கு வேண்டும் என்ற ஆசை அது, தப்பான ஆசை இல்லை. அவர்களும் பொறுத்திருந்தார்கள். 1990ல் டெலிகாம் பங்குகள் ஒதுக்கப்பட்ட விதம் பற்றிப் பல ஆண்டுகள் கேள்விகள் எழுந்தன, சண்டைகள் நடந்தன. கடைசியில் 2010ல் டான் ஸ்ரீ ஞானலிங்கத்தின் நிறுவனம் பங்குக்கு 80 சென் கொடுத்து வாங்கிக்கொள்ள முன்வந்தது. ஒரு வெள்ளிக்கு வாங்கிய பங்கு, கால் நூற்றாண்டுக்குப் பிறகு 80 சென்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1984 தொடக்கத்தில் ஒரு வெள்ளி ஊழியர் சேமநிதியில் இருந்தால், வாரியம் ஒவ்வோர் ஆண்டும் அறிவித்த இலாப ஈவைக் கூட்டிக் கூட்டி 2009 முடிவில் என்ன ஆகியிருக்கும்? ஐந்து வெள்ளியைத் தாண்டிவிடுகிறது. இரண்டு இடத்திலும் அதே கால் நூற்றாண்டு, அதே பொறுமை. ஒரு பக்கம் ஐந்து வெள்ளி, இன்னொரு பக்கம் 80 சென்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? 66,000 பேருக்குப் பொறுமை போதவில்லையா? போதாது என்று யாரும் சொல்ல முடியாது. தோட்டத்துத் தொழிலாளி தான் பங்கு போட்ட மரத்தைத் தினமும் தொட்டுப் பார்த்தான். அது நல்ல மரமா, பால் வற்றிய மரமா என்று அவனுக்கே தெரியும். காகிதப் பங்கு வைத்திருந்தவருக்கு அந்த வசதி இல்லை. ஆண்டறிக்கை என்ன சொல்கிறது, பணம் எங்கே போகிறது என்று பெரும்பாலோர் தலைவர்களை நம்பி விட்டுவிட்டார்கள். கேட்டவர்களைச் "சமுதாயத்தைப் பிரிக்காதே" என்று அடக்கிய காலமும் உண்டு. கேள்வி கேட்காமல் காத்திருப்பதைப் பெரிய குணம் என்று நாமே சொல்லிக்கொடுத்துவிட்டோமோ என்று சில நேரம் தோன்றுகிறது.

சும்மா இருப்பதற்கு இன்னொரு உதாரணமும் இருக்கிறது. 1990களில் நம் நாட்டில் பங்குப் பத்திரங்களைக் காகிதத்திலிருந்து கணினிக் கணக்குக்கு மாற்றினார்கள். எல்லாரும் தங்கள் பத்திரங்களை வைப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 1998ல் கடைசித் தேதி வைத்தார்கள். ஒப்படைக்காத பங்குகள் நிதியமைச்சரின் பெயருக்கு மாற்றப்பட்டன. அலமாரிக்குள் பத்திரத்தைப் பூட்டி வைத்து, "நீண்ட காலத்துக்கு" என்று மறந்துபோனவர்களின் பங்கு அவர்களுக்குத் தெரியாமலே பெயர் மாறிவிட்டது. அதைத் திருப்பி வாங்க அலைந்தவர்களும் உண்டு, இறந்துபோன தாத்தாவின் பத்திரத்தைப் பேரன் பிறகு கண்டெடுத்ததும் உண்டு. விலையைப் பற்றிப் பதறாமல் இருந்தார்கள், சரி. பார்க்காமலும் இருந்துவிட்டார்கள்.

இங்கே நம் சமயம் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். "பலனில் பற்று வைக்காதே" என்று கீதை சொல்கிறது என்பதைச் சிலர் இந்த விஷயத்திலும் இழுத்துவிடுவார்கள். "பணம் வரும் போகும், எல்லாம் விதி, நீ கவலைப்படாதே." ஆனால் கீதையில் கண்ணன் அர்ச்சுனனிடம் அம்பைக் கீழே போட்டுவிட்டுப் பேசாமல் இரு என்று சொல்லவே இல்லை. எழுந்து உன் கடமையைச் செய் என்றுதான் சொன்னார். பலன் மேல் உள்ள பற்றை விடச் சொன்னாரே தவிர, செயல் மேல் உள்ள பொறுப்பை விடச் சொல்லவில்லை. திருக்குறளும் அப்படித்தான். தெரிந்து செயல்வகை என்று ஓர் அதிகாரமே வைத்து, பின்னால் வரப்போகும் இலாபத்தை நம்பிக் கையில் இருக்கும் முதலை இழக்கும் காரியத்தில் அறிவுள்ளவர்கள் இறங்க மாட்டார்கள் என்று எச்சரிக்கிறது. துறவியைப் பார்த்து எழுதியது இல்லை அது. வியாபாரமும் குடும்பமும் நடத்துகிறவருக்குச் சொன்னது.

ஆக, சந்தையில் வைராக்கியம் என்றால் என்ன? இன்றைய விலை என்னை ஆட்டி வைக்கக் கூடாது, அவ்வளவுதான். பங்கு வைத்திருக்கும் நிறுவனம் என்ன செய்கிறது, நேர்மையாக நடக்கிறதா, கடன் மேல் கடன் வாங்குகிறதா என்று பார்க்கும் பொறுப்பை அது தள்ளிவிடாது. பிடிவாதக்காரருக்கோ இது தலைகீழாக இருக்கும். விலையின் மேல் முழுப் பற்று, பொறுப்பு மட்டும் கிடையாது. "நான் வாங்கிய விலைக்கு வந்தால்தான் விற்பேன்" என்பார். நாம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பது சந்தைக்குத் தெரியவும் தெரியாது, கவலையும் கிடையாது. அந்த எண் நம் ரோஷத்தில் மட்டும்தான் இருக்கிறது.

தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர்களைப் பாருங்கள். தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கிறவர் எத்தனை நாள் விரதம் என்று எண்ணித் தொடங்குகிறார். எந்த நாளில் முடிப்பது, எதற்காக இருக்கிறோம் என்பதும் அவருக்குத் தெரியும். இடையில் உடம்பு முடியாமல் போனால் வைத்தியரைப் பார்க்கிறார். விரதத்துக்கு நாளும் நோக்கமும் இருக்கும்போது, முதலீட்டுக்கு மட்டும் "எப்போதாவது ஏறும்" என்பது என்ன நியாயம்? வாங்கும்போதே ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லி எங்கள் வகுப்பில் சொல்வோம். எதற்காக வாங்கினேன், எந்த ஆண்டில் இந்தப் பணம் வேண்டும், என்ன நடந்தால் விற்றுவிடுவேன். மூன்று வரி போதும். சந்தை ஆடும்போது கைபேசியைப் பார்ப்பதற்குப் பதிலாக அந்தத் தாளை எடுத்துப் பார்க்கலாம். தாளில் எழுதிய காரணம் இன்னும் நிற்கிறதா? நின்றால் பொறுத்திருங்கள். காரணம் போய்விட்டதா? விலை இறங்கியிருந்தாலும் வெளியே வாருங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். யாரைப் பார்த்து "பொறுத்திரு" என்று சொல்கிறோம்?

கொரோனா காலத்தில், 2020லிருந்து 2022 வரை, ஊழியர் சேமநிதியிலிருந்து பணத்தை முன்கூட்டியே எடுக்க அரசாங்கம் நான்கு தடவை வழி திறந்தது. 8.1 மில்லியன் உறுப்பினர்கள் 145 பில்லியன் வெள்ளியை எடுத்தார்கள். கைபேசி மாற்றவும் காருக்கு முன்பணம் கட்டவும் எடுத்தவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் வாடகைக்கும் அரிசிக்கும் எடுத்தவரிடம் போய், "அங்கிள், 2021க்கு 6.1 விழுக்காடு ஈவு கொடுத்தார்கள், எடுக்காமல் இருந்திருக்கலாமே" என்று சொல்வது அறிவுரையா? வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்கு விரதத்தின் பெருமையைச் சொல்வது மாதிரி இருக்கும்.

பொறுமை குணம்தான். ஆனால் அந்தக் குணத்தைக் காட்ட ஆறு மாதச் செலவுக்காவது பணம் கையில் வேண்டும். 1997ல் கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்கள் எவ்வளவு பொறுமைசாலிகளாக இருந்தாலும் பயனில்லை. விலை இறங்கியதும், இன்னும் பணம் கட்டு, இல்லாவிட்டால் நாங்களே விற்றுவிடுவோம் என்று கடன் கொடுத்தவர் சொல்லிவிட்டார். அவர்கள் பொறுக்கலாம், கடன் பொறுக்காது. அதனால் கல்விக் கடனோ கிரெடிட் கார்டு கடனோ கழுத்தில் தொங்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது, முதலில் அந்தக் கடனை முடியுங்கள். பிறகு அவசரத்துக்குக் கொஞ்சம் சேருங்கள். பங்குச் சந்தை எங்கும் ஓடிப்போகாது.

ஒரு சமுதாயமாகவும் நமக்கு இதில் கடமை இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மருத்துவச் செலவுக்காக அடிமட்ட விலையில் எல்லாவற்றையும் விற்க நேர்ந்தால், அது அவருடைய அவசர புத்தியால் வந்ததா, கைமாற்றுக்கு ஆள் இல்லாததால் வந்ததா? பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கிய மக்களின் பேரப்பிள்ளைகள் நாம். கோயில் மண்டபத்தில் அன்னதானத்துக்கு ஒன்று கூடுவது போல, பத்துக் குடும்பம் சேர்ந்து ஓர் அவசர நிதி வைத்துக்கொள்ள முடியாதா? பொறுத்திருக்க முடிந்தவர்கள், முடியாதவர்களுக்கு அந்த வசதியைக் கொஞ்சம் பகிர்ந்து கொடுத்தால்தான் "பொறுமையாக இரு" என்ற அறிவுரைக்கு அர்த்தம் வரும்.

இளைஞர்கள் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வீட்டில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா வைத்திருக்கும் பழைய கோப்புகளை அவர்கள் அனுமதியோடு ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். பங்குப் பத்திரம், கூட்டுறவுச் சங்கப் பங்குப் புத்தகம், பழைய வங்கிப் புத்தகம், காப்புறுதிப் பத்திரம், எல்லாவற்றையும். முகவரி மாறி, இலாப ஈவு வந்து சேராமல் போயிருக்கலாம். கோரப்படாத பணத்தைத் தேடிப் பார்க்கத் தலைமைக் கணக்காளர் துறையின் இணையத் தளம் இருக்கிறது, அடையாள அட்டை எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும். அங்கே ஐம்பது வெள்ளி கிடந்தாலும் அது அவர்கள் உழைத்த காசு.

எந்த நாளில் செய்வது என்று கேட்டால் நான் விஜயதசமியைச் சொல்வேன். முந்தின நாள் சரஸ்வதி பூஜையில் புத்தகத்தையும் கணக்கு நோட்டையும் சாமி முன்னால் வைத்து மஞ்சள் குங்குமம் இட்டுக் கும்பிடுகிறோம். அன்று அதைத் தொடக் கூடாது. ஆனால் மறுநாள் காலையில் எடுத்து, திறந்து, இரண்டு பக்கமாவது படிக்க வேண்டும் என்பதும் அதே மரபுதான்.